பேட்டர்ன் ஷாப்பைப் பூட்டுவதற்கு முன்

பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் வால்வு செய்யும் நம் கம்பெனியின் நிர்வாக இயக்குநர் அவர்களுக்கும் இயக்குநர் குழுவினருக்கும்,

டைம் ஆபீஸ் பக்கத்து நோட்டீஸ் போர்டில் போன மாதம் நீங்கள் ஒட்டிய சுற்றறிக்கை ஒன்றரைப் பக்கம். அதில் எங்களைப் பற்றிய விஷயம் நாலே வரி. மார்ச் 31-ஆம் தேதியோடு பேட்டர்ன் ஷாப்பும் ஹெவி மெஷின் ஷாப்பும் மூடப்படும். வால்வு பாடிகள் இனி சீனாவிலேயே வார்த்து, கடைந்து, கண்டெய்னரில் வரும். இங்கே அசெம்பிளி, டெஸ்டிங், பெயிண்டிங், பேக்கிங் மட்டும் நடக்கும். நிரந்தரத் தொழிலாளர் யாருக்கும் வேலை போகாது. அப்புறம் கேன்டீனில் கூட்டம் போட்டு ஸ்லைடு காட்டியபோது இன்னொன்றும் சொன்னீர்கள். இந்த மாற்றத்தால் கம்பெனியின் 'திறன் விகிதம்' உயர்கிறதாம். மேலே ஏறிப் போகும் ஒரு நீலக் கோட்டையும் காட்டினீர்கள்.

அந்த நீலக் கோட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இரண்டு முறை எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. அதனால் நாலு பேர் பார்க்க எழுதுகிறேன். கம்பெனியின் பெயரை எழுதவில்லை. இத்தனை வருஷம் சோறு போட்ட இடத்தைத் தெருவில் இழுத்துவிட எனக்கு மனசில்லை.

நான் பேட்டர்ன் மேக்கர். வேலந்தாவளத்துக்காரன். அப்பா மாட்டுவண்டி செய்த ஆசாரி. ஐ.டி.ஐ. முடித்து இங்கே சேர்ந்து 27 வருஷம் ஆகிறது. இயக்குநர் குழுவுக்குப் புதிதாக வந்தவர்கள் பேட்டர்ன் ஷாப் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. ஆகவே என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். வார்க்க வேண்டிய வால்வைப் போலவே மரத்தில் ஒரு மாதிரி செய்வேன், அதுதான் பேட்டர்ன். அதை மணலில் பதித்து எடுத்த குழியில்தான் உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள்.

வார்ப்பிரும்பு குளிரும்போது மீட்டருக்கு ஏறக்குறைய 10 மில்லி சுருங்கும். கார்பன் ஸ்டீல் 20 மில்லி வரை சுருங்கும். டிராயிங்கில் இருக்கும் அளவுக்கே மரத்தைச் செதுக்கினால் வால்வு சின்னதாகப் பிறக்கும். அதனால் சுருக்கத்தையும் சேர்த்துக் கோடு போட்ட தனி ஸ்கேல் எங்களிடம் உண்டு. சேர்ந்த புதிதில் அதை விட்டுவிட்டுச் சாதாரண ஸ்கேலை வைத்து அளந்து ஒரு நல்ல தேக்குக் கட்டையைப் பாழாக்கினேன். மேஸ்திரி திட்டவில்லை. அந்தக் கட்டையை ஒரு வருஷம் என் மேசை மேலேயே வைத்திருந்தார், எடுக்க விடவில்லை. பிறகு, மணல் உடையாமல் பேட்டர்னை உருவி எடுக்கச் சாய்வு கொடுக்க வேண்டும். மெஷினில் கடைவதற்கென்று கனம் கூட்டிவிட வேண்டும். உள்ளே தண்ணீர் போகும் வழிக்காக நடுவில் வைக்கும் மணல் கட்டிக்கு அச்சு, அதாவது கோர் பெட்டி, செய்ய வேண்டும். கனத்த இடமும் மெல்லிய இடமும் சேரும் மூலையில் உலோகம் கடைசியாகத்தான் உறையும். அங்கே ஊட்டம் போதாவிட்டால் உள்ளே பஞ்சு மாதிரி ஆகிவிடும். இதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் டிராயிங்கை விரித்ததும் எந்த மூலை அப்படி ஆகும் என்று விரல் தானாகப் போய் நிற்க வேண்டும். அதற்கு எனக்கு எட்டு வருஷம் பிடித்தது.

உங்கள் ஸ்லைடில் டிப்ளமாவும் டிகிரியும் இருப்பவர்கள் நீல நிறம், 'திறன் உள்ளோர்'. மற்றவர்கள் எல்லோரும் அடியில், சாம்பல் நிறம். நான் சாம்பல். பெரிய பாடிகளைக் கடையும் விடிஎல் மெஷினில் பத்து மைக்ரான் வித்தியாசத்தைச் சத்தத்தில் கண்டுபிடிக்கிறவர் என்று நாங்கள் கிண்டல் செய்யும் ஆபரேட்டரும் சாம்பல்தான்.

அந்தக் கோடு எப்படி ஏறியது என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பேச்சுக்கு, நூறு பேர் வேலை செய்யும் கம்பெனி. அதில் இருபது பேர் பட்டமோ டிப்ளமாவோ படித்தவர்கள். பட்டறையிலிருந்து ஐம்பது பேரைக் கழித்துவிடுங்கள். மிச்சம் ஐம்பதில் இருபது. இருபது சதவீதம் நாற்பது சதவீதமாகிவிட்டது. இதில் ஒரு ஆளும் ஒரு வித்தையும் புதிதாகக் கற்கவில்லை. வீட்டில் தாத்தா காலமானால் குடும்பத்தின் சராசரி வயசு குறையும். அதற்காக மற்றவர்களுக்கெல்லாம் இளமை திரும்பிவிட்டது என்று சொல்வோமா?

யாரையும் நீக்கவில்லையே என்பீர்கள். நிரந்தர ஆட்களை நீக்கவில்லை, சரி. ஓய்வு பெற்றவர்களின் இடத்தில் நாலு வருஷமாக ஆள் எடுக்கவில்லை. மெஷினில் விழும் இரும்புச் சீவலை அள்ள வந்து, கடைய வேண்டிய பாடியை மெஷினில் ஏற்றப் பழகி, கடைசியில் மெஷினையே தனியாக ஓட்டக் கற்றுக்கொண்ட ஜார்க்கண்ட் பையன்கள் ஆறு பேர் காண்ட்ராக்டில் இருந்தார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்களைத் திரும்ப வர வேண்டாம் என்று போனில் சொன்னார்கள். அவர்கள் எந்த நிறத்திலும் உங்கள் ஸ்லைடில் இல்லை.

என் மகள் கோயமுத்தூரில் பொருளாதாரம் படிக்கிறாள். ஸ்லைடு விஷயத்தைச் சொன்னபோது, "அவங்க சொல்றது பொய் இல்லப்பா, பாதி" என்றாள். இரண்டு மூன்று ஆய்வுகளை எடுத்து வைத்து ஞாயிற்றுக்கிழமை பூராவும் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன். ராபர்ட் ஃபீன்ஸ்ட்ரா, கார்டன் ஹான்சன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1990-களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளை ஆராய்ந்தார்கள். வேலையில் ஒரு பகுதியை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது தாய்நாட்டில் திறனாளிகளுக்குப் போகும் பங்கு கூடுகிறது என்று கண்டார்கள். ஜெர்மன் பன்னாட்டு நிறுவனங்களைப் பற்றி 2013-ல் வந்த ஆய்வும் ஏறக்குறைய அதையே சொல்கிறது: செய்ததையே திரும்பச் செய்கிற வேலை குறைந்து, ஆளோடு ஆள் பேசித் தீர்க்கும் வேலையும் அதிகம் படித்தவர்களின் பங்கும் கூடியது. டென்மார்க் தொழிலாளர்களை வைத்து 2014-ல் வந்த ஆய்வில், இப்படி வேலை வெளியே போனபோது அதிகம் படித்தவர்களின் கூலி ஏறியது, குறைவாகப் படித்தவர்களின் கூலி இறங்கியது. ஆக, உங்கள் நீலக் கோட்டுக்கு உலகத்தில் சாட்சி உண்டு.

ஆனால் என் மகள் ஒரு விஷயத்தைப் பென்சிலால் வட்டமிட்டுக் காட்டினாள். அந்த அமெரிக்க ஆய்வில் 'திறனாளி' என்பது யார்? உற்பத்தியில் நேரடியாக ஈடுபடாத ஊழியர்கள். புள்ளிவிவரத்தில் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறார்கள், ஆய்வாளர்கள் அதை வைத்துத்தான் கணக்குப் போட முடியும். அவர்கள் மேல் குற்றமில்லை. பட்டறையில் நிற்கிறவன் ஒரு பக்கம், நிற்காதவன் இன்னொரு பக்கம். தூரத்திலிருந்து ஒரு நாட்டையே பார்க்கிறவருக்கு அந்தப் பிரிவு போதும். ஒரே கேட்டுக்குள் தினமும் வந்து போகும் உங்களுக்குமா அது போதும்?

அதே இரண்டு பேரும் 1997-ல் மெக்சிகோவைப் பற்றி எழுதியதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அமெரிக்கக் கம்பெனிகள் எல்லை தாண்டிப் போய் ஆலை போட்டபோது மெக்சிகோவிலும் திறனாளிகளின் கூலிப் பங்கு ஏறியிருக்கிறது. அமெரிக்காவில் கடைசி வரிசை என்று தள்ளிவிட்ட வேலை, போய்ச் சேர்ந்த இடத்தில் முன்வரிசை வேலை. கஞ்சிக்கோட்டுக்காரனுக்கு இது புரிவதற்கு ஆய்வு வேண்டியதில்லை. 1970-களில் இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆலையும் டெலிபோன் ஆலையும் வந்தபோது இங்கே பனையும் கடலைக்காடும்தான் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். மைக்ரோமீட்டர் பிடித்த முதல் தலைமுறை அப்போதுதான் உருவானது. நீங்கள் இப்போது கப்பலேற்றி அனுப்புவது ஏதோ அடிமட்டக் கூலிவேலை இல்லை. கொழிஞ்சாம்பாறையிலும் வடகரப்பதியிலும் பத்தாவது படித்துவிட்டு நிற்கும் பிள்ளைக்கு எட்டிப் பிடிக்கக்கூடிய மேல்மட்ட வேலையே அதுதான். அது போனால் அந்தப் பிள்ளைக்கு மிச்சம் பேக்கிங்கில் பிளாஸ்டிக் ஸ்ட்ரெச் ஃபிலிம் சுற்றுகிற வேலை. அல்லது பி.டெக். நடுவில் ஒன்றும் இருக்காது.

போன வருஷம் நடந்ததை உங்களுக்கு யாராவது முழுசாகச் சொன்னார்களா என்று தெரியவில்லை.

சோதனைக்காக வந்த முதல் கண்டெய்னர். 10 இன்ச், 300 கிளாஸ் (அழுத்தத் தரம்) கேட் வால்வு பாடிகள், கடையாத வார்ப்புகள். பார்க்க அழகு. எங்கள் வார்ப்பைவிட மேல்பரப்பு வழவழப்பு, ஒத்துக்கொள்கிறேன். சர்டிபிகேட் எல்லாம் ஒழுங்கு. பாதியைக் கடைந்து, அசெம்பிளி செய்து, டெஸ்ட் பெஞ்சில் ஏற்றினார்கள். இந்த வால்வு தாங்க வேண்டிய அழுத்தம் 51 பார். ஒன்றரை மடங்கு, 77 பார் வரை தண்ணீரை ஏற்றிப் பார்ப்பது வழக்கம். மூன்றாவது வால்வில் கழுத்து வியர்த்தது. ஒழுகவில்லை, பீய்ச்சவில்லை. துடைத்தால் காய்ந்துவிடும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முத்து முத்தாக நிற்கும். டெஸ்டிங் ஆட்களுக்கு வயிற்றைக் கலக்குவது இந்த வியர்வைதான். அடுத்தடுத்து இன்னும் சில.

கொள்முதல் பிரிவில் புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர் பெண், கெட்டிக்காரி, என் மகள் வயசு. போட்டோ எடுத்து மெயில் அனுப்பினாள். எல்லாம் அளவுக்குள் இருக்கிறது என்று அங்கிருந்து பதில். மறுபடி மெயில், மறுபடி அதே பதில். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் பேட்டர்ன் ஷாப்புக்கு வந்து, "சேட்டா, இது என்னவாயிருக்கும்?" என்று போனை நீட்டினாள். வியர்த்த பாடி ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பார்த்தோம். கழுத்துச் சதைக்குள் பஞ்சு. நான் கோயமுத்தூரில் மணல் அச்சு செய்த மோல்டர் அண்ணன் ஒருவருக்குப் போன் போட்டேன். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார். அவர் கேட்டது இரண்டே கேள்வி. "தலை எந்தப் பக்கம் வெச்சிருக்கான்? வெட்டுன தழும்பு எத்தன அகலம்?" யார்டில் கடையாமல் கிடந்த பாடிகளில் போய் அளந்தோம். உருகிய உலோகத்தை ஊட்டுவதற்கு மேலே விடும் தலையை அறுத்தெடுத்த தழும்பு, கழுத்தின் கனத்துக்குப் பொருந்தாத அளவுக்குச் சிறியது. உலோகம் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். அந்த அளவோடு, படம் போட்டு அவள் மெயில் எழுதினாள். இந்த முறை அங்கிருந்து 'அளவுக்குள்' என்று பதில் வரவில்லை. அடுத்த லாட் வியர்க்கவில்லை.

அவளுக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தீர்கள். கொடுக்க வேண்டியதுதான். நான் கேட்பது, இன்னும் ஐந்து வருஷம் கழித்து அவள் போனை யாரிடம் நீட்டுவாள் என்பதை. நான் ஸ்டோர்ஸில் பார்கோடு ஒட்டிக்கொண்டிருப்பேன், அல்லது ஓய்வு பெற்றிருப்பேன். அவளே கற்றுக்கொள்ளலாம் என்றால் எங்கே கற்பது? பாடிகள் இனி கடைந்தே வரும் என்கிறீர்கள். அளந்து பார்க்க அந்தத் தழும்புகூட இருக்காது. ஒரு கண்டெய்னர் கப்பலில் வந்து, கொச்சி வல்லார்பாடம் துறைமுகத்தில் இறங்கி, இங்கே பெஞ்சில் ஏறி வியர்க்கும்போது, பின்னாலேயே இன்னும் இரண்டு கண்டெய்னர் கடலில் இருக்கும்.

முன்பு நம் ஃபவுண்டரியை மூடி வார்ப்பைக் கோயமுத்தூருக்குக் கொடுத்தபோதும் நான் முணுமுணுத்தவன்தான். ஆனால் அது வேறு விஷயம் என்று அனுபவத்தில் தெரிந்தது. காலையில் மெமு ரயிலைப் பிடித்தால் டீக்கு முன்னால் அங்கே போய் மோல்டிங் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கலாம். "இந்த மூலைல மணல் நிக்க மாட்டேங்குது, இன்னுங் கொஞ்சம் சாய்ச்சுக் குடுங்க" என்பார்கள். பேட்டர்னைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, திருத்தி, மறுநாள் கொண்டு போய்விடுவேன். வேலை வெளியே போனது; ஆனால் நானும் கற்றேன், அவர்களும் கற்றார்கள். 40 கிலோமீட்டரும் ஒரே பாஷையும் செய்கிற உதவி அது. மெயிலில் மணல் தெரியாது.

ஹெவி மெஷின் ஷாப் ஆட்களில் நாலு பேரை ஜனவரியிலேயே பேக்கிங்குக்கு மாற்றிவிட்டீர்கள். சம்பளம் குறையவில்லை, உண்மை. விடிஎல் ஓட்டியவர் இப்போது மரப்பெட்டிக்கு ஆணி அடிக்கிறார். போன வாரம் தன் அளவுக் கருவியான வெர்னியரை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார், இங்கே இருந்து என்ன ஆகப்போகிறது என்று. ஆள் இருக்கிறார், சம்பளம் இருக்கிறது, வித்தை துருப்பிடிக்கிறது. இதற்கு உங்கள் ஸ்லைடில் ஒரு நிறம் ஒதுக்குங்கள்.

அப்ரண்டிஸ் விஷயம் இதைவிட மோசம். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுக்க வேண்டும் என்பது விதி. எடுக்கிறீர்கள். கணக்கில் குறைவில்லை. ஃபிட்டர், டர்னர் படித்த பிள்ளைகள் வருகிறார்கள். டெஸ்பாட்சில் லேபிள் ஒட்டிவிட்டுச் சான்றிதழோடு போகிறார்கள். மலம்புழா ஐ.டி.ஐ.யில் படித்துவிட்டு வந்த பையன் ஒருவன், "லேத்தை எப்ப சார் தொட விடுவாங்க?" என்று என்னிடம் கேட்டுக் கேட்டு ஒரு வருஷம் முடிந்து போய்விட்டான். இனி லேத்தே இருக்காது.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. டெண்டரில் பக்கத்துக் கம்பெனி இறக்குமதி பாடியைப் போட்டு விலையைக் குறைத்தால் நாம் மட்டும் தேக்கைச் செதுக்கிக்கொண்டு நிற்க முடியாது. 2 இன்ச், 3 இன்ச் போன்ற ஓடும் சைஸ்களை வெளியே வாங்குங்கள். நான் அதை எதிர்க்கவில்லை. எங்களில் பாதிப் பேர் எதிர்க்கவில்லை. மாசத்துக்கு நாலு வரும் பெரிய சைஸ், அவசர ஸ்பேர், ரிஃபைனரியில் பழைய வால்வுக்கு மாற்றாகக் கேட்கும் ஒற்றை பாடி, இவற்றையும் ஏன் சேர்த்து அனுப்புகிறீர்கள் என்பதுதான் கேள்வி. அந்த வேலைக்குத்தான் வாடிக்கையாளர் நம்மைத் தேடி வருகிறார்.

இன்னொன்று. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை பாலக்காட்டுத் தொழில் நகரத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 1,710 ஏக்கர், 3,806 கோடி ரூபாய். பெரும்பகுதி புதுச்சேரி பஞ்சாயத்தில்தான் (கடற்கரைப் புதுச்சேரி இல்லை, நம் பக்கத்துப் புதுச்சேரி). நாளைக்கு அங்கே வரும் கம்பெனிகள் ஃபிட்டரும் டர்னரும் கேட்டு இந்த ஊருக்குத்தான் வரும். சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கும்போதே பட்டறையைப் பூட்டுவது, விதைநெல்லை விற்றுவிட்டு மழைக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது இவை.

மார்ச் 31 என்ற தேதியை ஆறு மாதம் தள்ளி வையுங்கள். ஆள் குறைப்புக்கு வழிவிடக்கூடிய மாற்றத்துக்கு 21 நாள் முறையான அறிவிப்பு வேண்டும் என்பது பழைய தொழில் தகராறு சட்டத்திலும் இருந்தது, இப்போதைய சட்டத்திலும் இருக்கிறது. நோட்டீஸ் போர்டில் நாலு வரி அதற்கு ஈடாகாது. 2020-ல் வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் மறுதிறன் நிதி இருக்கிறதே என்று பர்சனல் ஆபீசில் ஒருவர் ஆறுதல் சொன்னார். படித்துப் பார்த்தேன். வேலை போனவருக்குப் பதினைந்து நாள் கூலி. பதினைந்து நாளில் சுருக்கு ஸ்கேலைப் படிக்கக் கற்கலாம்; அதற்கு மேல் ஒன்றும் ஆகாது. எங்களுக்கு அது வேண்டாம், வேலை செய்யும்போதே கற்க வழி வேண்டும்.

8 இன்ச்சுக்கு மேற்பட்ட பாடிகளுக்கும் ஸ்பேர் ஆர்டர்களுக்கும் பேட்டர்ன் மேசை இரண்டு, விடிஎல் ஒன்று, போரிங் மெஷின் ஒன்று என்று சின்னதாக ஒரு செல்லை, அதாவது தனிப் பிரிவை, இங்கேயே வைத்திருங்கள். பழைய சாமான் வியாபாரி ஒருவர் போன வாரம் வந்து விடிஎல்லைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். கோர் பெட்டிகளையும் விலை கேட்டாராம், விறகுக்கு. முதலில் அதை நிறுத்துங்கள்.

வெளியிலிருந்து வரும் வார்ப்பைப் பார்த்துச் சொல்ல ஒரு பரிசோதனைக் குழு போடுங்கள். அதில் டர்னரும் பேட்டர்ன் மேக்கரும் ஹெல்ப்பராக இல்லாமல், கையெழுத்துப் போடும் அதிகாரத்தோடும் அதற்கான கிரேடோடும் இருக்கட்டும். கொள்முதலுக்கு எடுக்கும் இன்ஜினியர் ஒவ்வொருவரும் முதல் ஆறு மாதத்தை அந்தச் செல்லிலும் கோயமுத்தூர் ஃபவுண்டரியிலும் கழிக்கட்டும். அந்தப் பெண்ணையே கேளுங்கள், அவள் முதல் ஆளாக வருவாள். அப்ரண்டிஸ் பிள்ளைகளை அவரவர் படித்த தொழிலில் போடுங்கள்.

அடுத்த ஸ்லைடில் பட்டத்தை எண்ண வேண்டாம். பேட்டர்ன் செய்யத் தெரிந்தவர் எத்தனை பேர், பெரிய பாடியைத் தனியாகக் கடையத் தெரிந்தவர் எத்தனை பேர், வால்வின் மூடி உட்காரும் சீட்டைத் தேய்த்து லேப்பிங் செய்யத் தெரிந்தவர் எத்தனை பேர், அவர்களில் ஐந்து வருஷத்துக்குள் ஓய்வு பெறுகிறவர் எத்தனை பேர், யாரிடம் யார் கற்கிறார்கள் என்று ஒரு பட்டியல் போட்டு ஒட்டுங்கள். எனக்குத் தெரிந்தவரை நான் எழுதித் தருகிறேன்.

இந்த மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும். அதே நோட்டீஸ் போர்டில் போதும். போன சுற்றறிக்கை ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. அர்த்தம் கேட்டு என் மேசைக்கு அன்றைக்குப் பதினொரு பேர் வந்தார்கள். இந்த முறை மலையாளத்திலும் தமிழிலும் ஒட்டுங்கள், மிச்சமிருக்கும் பையன்களுக்காக இந்தியிலும்.

பேட்டர்ன் ஷாப் தொழிலாளி,
கஞ்சிக்கோடு